கூலிங்கும் கிக்கும் போக மிச்சம்

அன்புள்ள சார்,

உங்கள் ஐரோப்பியப் பயணக் குறிப்புகளில் பெல்ஜியம் பீர் பற்றிப் போகிறபோக்கில் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் இதைக் கேட்கிறேன். நான் கோவைக்காரன், வேலை சென்னையில். எங்கள் செட்டுக்குப் பீர் என்றால் டாஸ்மாக், ஸ்ட்ராங், "கூலிங் இருக்கா?" என்ற ஒரு கேள்வி, அவ்வளவுதான். போன மாதம் பெங்களூரு போயிருந்தபோது ஆபீஸ் நண்பர்கள் இந்திராநகரில் அங்கேயே பீர் காய்ச்சி ஊற்றுகிற ஒரு ப்ரூபப்புக்குக் கூட்டிப்போனார்கள். மரத்தட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன கிளாஸ்கள் வந்தன, ஒவ்வொன்றும் ஒரு நிறம். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கலங்கலாக, வாழைப்பழ வாசனையோடு இருந்த கோதுமை பீர். அதைச் சொன்னதும் நண்பன் சிரித்துவிட்டான். "அது பிகினர்ஸ் குடிக்கிறது மச்சி, ஐபிஏ அடி" என்றான். அடித்தேன். வேப்பங்கொழுந்தை மென்று துப்பிய மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். பில் வந்தபோது இன்னும் கசந்தது. இவ்வளவு கொடுத்தும் கிக் என்று ஒன்றுமே இல்லை.

சின்ன ஆலைகளில் காய்ச்சுகிற இந்த கிராஃப்ட் பீர் சமாச்சாரம் நிஜமாகவே ருசியா, இல்லை பந்தாவா? நாக்கைப் பழக்கினால் பிடிக்குமா? பழக்கித்தான் ஆகவேண்டுமா? உலகத்திலேயே நல்ல பீர் என்று ஒன்று இருக்கிறதா? கடைசியாக ஒன்று, அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கொழும்பு போகிறேன். அங்கே குடித்துப் பார்க்க ஏதாவது உண்டா? இலக்கியம் பேசும் இடத்தில் இதைக் கேட்பதற்கு மன்னிக்கவும்.

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

மன்னிப்பெல்லாம் எதற்கு? இங்கே ஊறுகாய் பற்றி ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறோம், அதன் ஜோடியைப் பற்றிப் பேசினால் ஒன்றும் ஆகிவிடாது.

முதலில் உங்கள் நண்பருக்கு ஒரு சேதி. அவர் பிகினர்ஸ் பீர் என்று ஒதுக்கினாரே, அந்தக் கோதுமை பீரை ஜெர்மனியின் பவேரிய ஆட்சியாளர்கள் வேறு யாரும் காய்ச்சக் கூடாது என்று தங்கள் கையிலேயே வைத்திருந்தார்கள். 1516ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பீருக்கு பார்லி, ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஒரு கொடியின் பூ), தண்ணீர், இந்த மூன்றைத் தவிர எதுவும் கூடாது. (ஈஸ்ட் அந்தப் பட்டியலிலேயே இல்லை, அது ஒரு நுண்ணுயிர் என்று அன்று யாருக்கும் தெரியாது.) ஆனால் கோதுமை பீர் காய்ச்சும் உரிமை மட்டும் ஒரு பிரபுக் குடும்பத்துக்கு விதிவிலக்காகக் கிடைத்தது. 1602ல் அந்தக் குடும்பம் வாரிசில்லாமல் போக, உரிமை ஆளும் வம்சத்துக்கே திரும்பியது. அப்புறம் என்ன, அரசே கோதுமை பீர் காய்ச்சி விற்றுக் கஜானாவை நிரப்பிக்கொண்டது. அரசாங்கமே கடை போட்டு விற்பதை நாம்தான் 2003ல் கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்! 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பீருக்கு மவுசு குறைந்து, 1872ல் ஜார்ஜ் ஷ்னைடர் என்ற பீர்க்காரர் அந்த உரிமையை வாங்கி மறுபடி தூக்கி நிறுத்தினார். இன்று பெங்களூரில் நீங்கள் குடித்தது அந்த வழியில் வந்ததுதான்.

அதில் வாழைப்பழம் எதுவும் போடுவதில்லை. அந்த வகைக்கென்றே இருக்கும் ஒரு ஈஸ்ட், பார்லி கோதுமையின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹால் ஆக்கும்போது கூடவே சில வாசனைகளையும் உண்டாக்குகிறது. வாழைப்பழத்துக்கு அதன் வாசனையைத் தரும் அதே பொருள் பீரிலும் உண்டாகிறது. அடுத்த முறை கொஞ்சம் நிதானமாக முகர்ந்தால் பின்னால் கிராம்பும் வரும். முதல் தடவையிலேயே வாழைப்பழம் என்று உங்கள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் உருப்படியாகப் பீரை ருசி பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது.

சரி, பந்தாவா ருசியா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. கூலிங், கிக். நாம் பீரை இந்த இரண்டு தராசில்தான் நிறுக்கிறோம். இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங் வகை. ஹேவர்ட்ஸ் 5000, எஸ்என்ஜே 10000 என்று பெயரிலேயே எண்ணைப் போட்டு விற்கிறார்கள். 5000 என்றால் எதில் 5000, 10000 என்றால் எதில் 10000 என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை, பெரிய எண் பெரிய போதை, முடிந்தது கணக்கு. கொடுத்த காசுக்கு எவ்வளவு ஏறியது என்று பார்ப்பதில் தப்பும் இல்லை, வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு அதுதான் நியாயமான கணக்கு. ஆனால் அப்படிக் குடிக்கிற பீரில் ருசியைத் தேட முடியாது, அதைச் செய்கிறவர்களும் ருசிக்காகச் செய்வதில்லை. மால்ட்டோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியோடு, அரிசி, சோளம், சர்க்கரை என்று மலிவான மாவுச்சத்து சேர்த்து ஆல்கஹாலை ஏற்றுகிறார்கள். அது தொண்டையில் காரமாக இறங்கும். அதை மறைக்கத்தான் கூலிங். நாக்கு மரத்துப்போகும் அளவுக்குச் சில்லென்று இருந்தால் எதுவுமே தெரியாது. நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. நம்பிக்கை இல்லை என்றால் வீட்டிலேயே ஒரு ஸ்ட்ராங் பீரைக் கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். முழுக் கிளாஸையும் முடிக்கிறவரை நான் வணங்குவேன்.

கிராஃப்ட் பீர் என்று சொல்லப்படுகிற எல்லாமே நல்லது என்று இல்லை, சொதப்பலானவை எக்கச்சக்கமாக இருக்கின்றன. ஆனால் நல்லது ஒன்று கிடைத்தால் அது இந்தச் சோதனையில் தேறும். சில்லென்ற தன்மை கொஞ்சம் விடும்போதுதான் அதற்கு வாயே திறக்கும். அதனால் பெங்களூரில் அடுத்த முறை உட்காரும்போது ஃப்ரீசரில் வைத்து வெள்ளையாகப் பூத்த கிளாஸ் கொண்டுவந்தால் வேண்டாம், சாதாரண கிளாஸ் கொடுங்கள் என்று கேளுங்கள். தட்டில் வந்தவற்றை உடனே குடித்து முடிக்க வேண்டியதில்லை. கறுப்பு நிறத்தில் ஒன்று இருந்திருக்குமே, ஸ்டவுட், அதைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்துக் குடித்தால் வறுத்த பார்லியின் காபி வாசனை தானாக மேலே வரும்.

இன்னொரு விஷயம், நுரை. நம் ஊரில் நுரை வந்தால் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். கிளாஸைச் சாய்த்து, பாட்டிலைக் கழுத்தோடு ஒட்டி, ஒரு குமிழி வராமல் ஊற்றுகிறவன்தான் கெட்டிக்காரன். செக் நாட்டில் பில்சன் என்று ஒரு ஊர். 1842ல் ஜோசப் குரோல் என்ற பவேரியக்காரர் அங்கே வந்து வெளிர் மால்ட்டும் அந்த ஊரின் மென்மையான தண்ணீரும் உள்ளூர் ஸாட்ஸ் ஹாப்ஸும் வைத்து ஒரு பொன்னிற லாகரை, அதாவது குளிரில் மெல்லப் புளிக்கவைக்கிற பீரை, காய்ச்சினார். இன்று உலகம் முழுக்க விற்கிற பொன்னிற லாகர்கள், நம் கிங்ஃபிஷர் உட்பட, எல்லாம் அதன் பேரன் பேத்திகள். அந்த ஊரில் முதலில் கிளாஸில் நுரையைத்தான் விடுகிறார்கள். ஈரமான, கெட்டியான நுரை, பாலாடை மாதிரி. அதன் அடியில் குழாயின் மூக்கை நுழைத்து பீரை விட, நுரை மேலே மேலே ஏறி மூடியாக நிற்கிறது. மூன்று விரல் நுரை. அந்த மூடி இருக்கிறவரை காற்று உள்ளே போகாது, வாசனை வெளியே ஓடாது. கிட்டத்தட்ட முழுக் கிளாஸும் நுரையாகவே ஊற்றிக் கொடுப்பதும் உண்டு, அதையும் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள், நம் ஊர் பாரில் அப்படி ஒன்றை நீட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பீர் ஆலைக்கு அடியில் பாறையைக் குடைந்த நீளமான நிலவறைகள் இருக்கின்றன. சுவரெல்லாம் ஈரம், ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே மர பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். லேசான கலங்கல், ரொட்டி மேல்தோலின் வாசனை, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு கசப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. நான் குடித்ததிலேயே மறக்க முடியாதவற்றில் அது ஒன்று. விசேஷம் என்னவென்றால் அது வெறும் லாகர். மாம்பழம் இல்லை, காந்தாரி மிளகாய் இல்லை, ஓக் பீப்பாயில் விஸ்கி வாடை இல்லை. ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்கும் கீழே.

நுரை பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் பட்டால் நுரை படுத்துவிடும். சிக்கன் 65 தின்ற உதட்டோடு கிளாஸில் வாய் வைத்தால் அவ்வளவுதான். ஆம்லெட் போடுகிற கையோடு கிளாஸையும் கழுவி வைக்கிற கடைகளில் நுரை நிற்காததற்கு பீர் காரணம் இல்லை.

இப்போது உங்கள் ஐபிஏ. இந்தியா பேல் ஏல் என்று பெயர் இருப்பதால் நம் ஆட்களுக்கு அதன் மேல் ஒரு சொந்தம். வெள்ளைக்காரன் இந்தியாவுக்காகவே கண்டுபிடித்தான், ஆறு மாதக் கப்பல் பயணத்தில் கெடாமல் இருக்க ஹாப்ஸை அள்ளிப்போட்டான் என்ற கதை எல்லா ப்ரூபப் மெனுவிலும் இருக்கும். பாதிதான் உண்மை. ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காக்கும், வெப்பநாட்டுக்கு அனுப்புகிற பீரில் அதைக் கூடுதலாகப் போடவேண்டும் என்பது 18ஆம் நூற்றாண்டு ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கிற துறைக்குப் பக்கம். கேப்டன்களுக்குக் கடனுக்குக் கொடுத்தார், அவர்கள் ஏற்றிக்கொண்டுபோய் கல்கத்தாவிலும் மதராஸிலும் விற்றார்கள். இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்த வகைதான், புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1820களில் பர்ட்டன் என்ற ஊர்க்காரர்கள் அந்த வியாபாரத்தில் இறங்கினார்கள், அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், அது கசப்பைக் கூர்மையாக்கிக் காட்டும். மதராஸில் அதைக் குடித்தவர்களும் அதிகாரிகளும் துரைகளும்தான். சாதாரண சோல்ஜருக்கு போர்ட்டர் என்ற கறுப்பு பீர்.

ஆனால் நீங்கள் குடித்ததற்கும் அந்தக் கப்பலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அது அமெரிக்காவின் பிள்ளை. அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவதே 1978ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மத்திய சட்டப்படி குற்றமில்லை என்றானது. அதற்கு முன்பே 1972ல் ஒரிகனில் கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தை வெளியிட்டிருந்தார்கள். பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த வாசனை. கலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊரில் வீட்டுப் பீர்க்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், நண்பரோடு சேர்ந்து 1980ல் சியரா நெவாடா பேல் ஏலைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஒரு போட்டி ஆரம்பமாகிவிட்டது. யார் அதிகம் கசக்க வைப்பது என்ற போட்டி. உங்கள் நண்பர் அந்தப் போட்டியின் பார்வையாளர், அவ்வளவுதான். அமெரிக்காவிலேயே அது அலுத்துப்போய் வெர்மான்ட் பக்கம் ஹெடி டாப்பர் போன்ற கலங்கல் ஐபிஏக்கள் வந்து, இன்று கூட்டம் அதன் பின்னால் ஓடுகிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுதான். ஹாப்ஸை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். கொதி அடங்கும்போதோ, ஆறிய பிறகோ போட்டால் வாசனை மட்டும் தங்கும். எலுமிச்சை, மாம்பழம், பைன் பிசின் என்று. அதனால் ஐபிஏ என்றாலே கசப்பு என்று முடிவு கட்டாதீர்கள், "கசப்பு கம்மியா, வாசனை தூக்கலா எது இருக்கு?" என்று கேளுங்கள். பெங்களூரில் பல இடங்களில் முழுக் கிளாஸ் வாங்குவதற்கு முன் ஒரு மடக்கு ருசி பார்க்கத் தருவார்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அந்த வாசனைக்கு ஆயுசு குறைவு. அரைத்து நாளான காபிப் பொடியில் டிகாக்‌ஷன் இறக்கினால் கசப்பு மட்டும் மிஞ்சுமே, பழைய ஐபிஏவும் அப்படித்தான். வாசனை போய்விடும், கசப்பு உட்கார்ந்திருக்கும், கூடவே நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் சேரும். நீங்கள் குடித்தது பீப்பாயில் எத்தனை வாரம் இருந்தது என்று எனக்கோ உங்களுக்கோ தெரியாது. பாட்டிலில் வாங்கினால் தேதி பாருங்கள், பச்சை பாட்டிலோ வெள்ளை பாட்டிலோ வெயில் படுகிற ஷோகேஸில் இருந்தால் தொடாதீர்கள். வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து ஒரு துர்நாற்றத்தை உண்டாக்கும். பிரவுன் பாட்டில் அதற்காகத்தான்.

நாக்கைப் பழக்குவது பற்றிக் கேட்டீர்கள். இதற்கு இரண்டு ஊர்களைச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் பாம்பெர்க். ஷ்லென்கெர்லா என்று ஒரு பழைய மதுக்கூடம், தாழ்வான கருமரக் கூரை. அங்கே பீருக்கான மால்ட்டை பீச் மரக் கட்டையை எரித்து அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். ஒரு காலத்தில் பல ஊர்களில் விறகில்தான் மால்ட் உலர்ந்தது, பீரில் கொஞ்சம் புகை அடிக்கும். கரியும் வெந்காற்று அடுப்பும் வந்ததும் எல்லாரும் புகையை விட்டார்கள், இவர்கள் விடவில்லை. மரப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்து வைப்பார்கள், கறுஞ்சிவப்பு. கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோகும்போதே சுட்ட கருவாடும் புகை போட்ட பன்றிக்கறியும் கலந்த வாசனை, இதைப் போய் யார் குடிப்பார்கள் என்று தோன்றும். முதல் கிளாஸ் விசித்திரமாகத்தான் இருக்கும், நிறுத்திவிடாதே என்று அவர்களே கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வியாபார தந்திரம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது கிளாஸில் புகை பின்னால் போய், மால்ட்டின் இனிப்பு முன்னால் வந்தது. மூக்கு எந்த வாசனையையும் கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அந்த இடைவெளியில் மற்றது தெரிகிறது. என்னோடு வந்த நண்பர் முதல் மடக்கோடு தள்ளிவைத்துவிட்டு ஆப்பிள் ஜூஸ் சொன்னார். அவரும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இன்னொன்று பிரஸ்ஸல்ஸ், கான்டியோன். ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரம், வெளியிலிருந்து பார்த்தால் பழைய குடோன். 1900ல் ஆரம்பித்தது. குடும்ப ஆலை, உள்ளேயே மியூசியமும் கூட. இங்கே ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. பார்லி மால்ட்டும் முளைகட்டாத கோதுமையும் வேகவைத்து எடுத்த சாறை மாடியில் கூரைக்கு நேர் கீழே ஒரு செப்புத் தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். தொட்டி என்றால் ஆழமானது இல்லை, அறை அகலத்துக்குத் தட்டையாக, முழங்காலை எட்டாத உயரத்தில். பக்கவாட்டில் பலகை ஜன்னல்கள். ஊர்க் காற்றில் மிதக்கிற காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் இறங்கிக் குடியேறுகின்றன. குளிர் மாதங்களில் மட்டும்தான் இதைச் செய்ய முடியும், வெயில் காலத்தில் சாறு ஆறாது, வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். அப்புறம் மரப் பீப்பாய், ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். பீப்பாய்களுக்கு நடுவே ஒட்டடை தொங்குகிறது, அடிப்பதில்லை, பழ வாசனைக்கு வருகிற கொசுவையும் ஈயையும் சிலந்தி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் சொல்லிப் பார்க்கலாம் இந்தக் காரணத்தை. ஹாப்ஸ்கூடப் புதிதாகப் போடுவதில்லை, வேண்டுமென்றே வருஷக்கணக்கில் பழசாக்கிக் கசப்பும் வாசனையும் போனதைப் போடுகிறார்கள். கெடாமல் காக்கிற குணம் மட்டும் போதும். ஐபிஏவுக்கு நான் சொன்னதெல்லாம் இங்கே தலைகீழ்.

சுற்றிப் பார்த்து முடித்ததும் கிளாஸில் கொடுப்பது லாம்பிக். குமிழி இல்லை, நுரை இல்லை, நல்ல புளிப்பு. எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பின்னால் ஈர வைக்கோல். பக்கத்தில் நின்ற அமெரிக்க தம்பதி முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு முதல் மடக்கிலேயே பிடித்துவிட்டது. என் நாக்கு உசத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் நீராகாரம் குடித்து வளர்ந்தவன், மாவு புளிக்கவில்லை என்றால் இட்லியைக் குறை சொல்லுகிறவன். அங்கே வேலை செய்வதும் இங்கே வேலை செய்வதும் ஒரே மாதிரிப் புளிப்பை உண்டாக்குகிற பாக்டீரியா சாதிதான். அமெரிக்கர் பழக வேண்டியிருந்ததை நம் பாட்டிகள் முன்பே பழக்கி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் லைப்ட்சிக் பக்கம் கோஸே என்று ஒரு புளிப்பு பீர் உண்டு, அதில் உப்பும் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். இதைப் படிக்கிற யாருக்காவது நாக்கு ஊறாமல் இருக்குமா? பெங்களூரிலோ புதுச்சேரியிலோ எங்காவது மெனுவில் புளிப்பு பீர் என்றோ கோஸே என்றோ கண்டால் ஐபிஏவை விட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள். உங்கள் நண்பர் திணறுவார், நீங்கள் ரசிப்பீர்கள்.

ஆக, பழக்க முடியும், பழக்கியே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லா பீரையும் ஒருவனுக்குப் பிடிக்க வேண்டும் என்பது, எல்லாக் கவிதையும் பிடிக்க வேண்டும் என்று கேட்பதைப் போன்ற அராஜகம். எனக்கு இன்று வரை பூசணிக்காயும் லவங்கப்பட்டையும் போட்ட அமெரிக்க இலையுதிர்கால பீர்கள் பிடிக்கவில்லை. பாயசத்தில் குளிர்காற்று அடித்த மாதிரி ஏதோ ஒன்று. சாக்லேட் கேக்கைக் கரைத்துக் குடிப்பது போன்ற ஸ்டவுட்டுகள் இப்போது கிளம்பியிருக்கின்றன, அதுவும் வேண்டாம். வரிசையில் நின்று வாங்கி, போட்டோ எடுத்து, ஆப்பில் மார்க் போட்டுவிட்டுக் குடிக்கிறார்கள். பந்தா என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால் கையெழுத்துப் போடத் தயார்.

பில் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். இறக்குமதி ஹாப்ஸ், சிறிய ஆலை, இந்திராநகர் வாடகை, வரி எல்லாம் சேர்ந்தால் விலை ஏறத்தான் செய்யும், இருந்தாலும் சில இடங்களில் மேஜை நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் சேர்த்து நாம்தான் கொடுக்கிறோம். கொலோன் நகரத்தில் கோல்ஷ் என்கிற லேசான பீரை வழக்கமாக 200 மில்லி கிளாஸில்தான் தருவார்கள். சூடாவதற்குள், நுரை படுப்பதற்குள் முடியட்டும் என்று. காலியானதும் சர்வர் கேட்காமலே அடுத்ததை வைத்து, கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார். போதும் என்றால் அட்டையை எடுத்து கிளாஸ் மேல் மூடி வைக்கவேண்டும். தெரியாதவன் குடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்! இந்தச் சின்ன கிளாஸ் முறை நம் வெயிலுக்கு எவ்வளவு பொருத்தம், பெங்களூர்க்காரர்கள் ஏன் அரை லிட்டரிலேயே நிற்கிறார்கள் என்று புரியவில்லை.

உலகத்திலேயே நல்ல பீர் எது என்று கேட்டால் இணையப் பட்டியல்களில் வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 என்று பலமுறை வந்திருக்கிறது. பெல்ஜியத்தில் ஒரு மடத்துத் துறவிகள் காய்ச்சுவது, 10.2 சதவீதம், நெடுங்காலம் பாட்டிலில் லேபிள்கூட கிடையாது, மூடியைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மடத்துக்கு எதிரில் இருக்கிற கஃபேயில் உட்கார்ந்து குடிக்கலாம். நான் குடித்தேன். உலர்திராட்சை, அத்திப்பழம், கருப்பட்டி. அருமைதான். ஆனால் இன்னொரு மடத்தின் ஓர்வால்தான் எனக்கு இன்னும் நெருக்கம், கசப்பும் வறட்சியுமாக, பாட்டிலிலேயே மெல்ல மாறிக்கொண்டிருக்கும் பீர் அது. புதிதாகக் குடித்தால் ஒன்று, வருஷம் கழித்துக் குடித்தால் வேறொன்று. பட்டியலில் முதலிடம் என்பது கிடைப்பது அரிது என்பதாலும் வருகிறது, அதைக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

கொழும்புக்கு வருகிறேன். அங்கே லயன் ஸ்டவுட் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள். எங்கேயோ பெல்ஜியம், செக் என்று நான் அளந்துகொண்டிருக்கிறேன், ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கத்தில் உலகத்தரமான ஒரு பீர் இருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் என்று ஒரு இங்கிலாந்துக்காரர், பாடகர் இல்லை, பீர் பற்றி எழுதியே பேர் வாங்கியவர், 2007ல் இறந்தார், அவர் இந்த ஸ்டவுட்டைப் புகழ்ந்து எழுதிய பிறகுதான் வெளிநாட்டுக்காரர்கள் தேட ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் குளிர்நாட்டுப் பீரை நுவரெலியா மலையில் காய்ச்சத் தொடங்கிய காலத்திலிருந்து வருகிற பாரம்பரியம். கன்னங்கரேலென்று, பழுப்பு நுரையோடு, கறுப்பு சாக்லேட்டும் காபியும் கொஞ்சம் கருகிய வெல்லமும். இதில் உங்களுக்கு இன்னொரு லாபம், 8.8 சதவீதம். நம் ஊர் ஸ்ட்ராங்கைவிட ஒரு படி மேல். கிக்கும் ருசியும் ஒரே கிளாஸில் இருக்க முடியாது என்று நான் சொல்லவே இல்லை, கிக்கை மட்டும் பார்த்தால் ருசி தெரியாது என்றுதான் சொன்னேன். ஐஸ் வேண்டாம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு, சின்ன கேன் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இழுங்கள். கல்யாண வீட்டில் அதற்கு மேல் இரண்டாவதைத் திறந்தால் சம்பந்தி வீட்டாரிடம் நீங்கள் பேசுவதற்கு நான் பொறுப்பில்லை.

ஒன்று, டிக்கெட் போடும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், அன்றைக்குச் சாராயக் கடை, பார் எல்லாம் மூடியிருக்கும். கல்யாணம் அன்றைக்கு வந்துவிட்டால் முதல் நாளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.